மீட்டர் தட்டு நிற்காத சாயங்காலம்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்கு விழுந்த வலை மாதிரி இருக்கும். எந்த இடத்தில் எந்த ல, ள போடுவது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அஞ்சாவதோடு நின்றவன். நேரில் சொல்லலாமென்றால் நாலு பேர் பார்த்தாலே வாய் கட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து எங்கள் பழைய மீட்டரைக் கழற்றினார். கறுப்பு மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை. பல்லி எச்சமும் தூசியும் சூடேறிய ரப்பரும் கலந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது என் அப்பாவின், நைனாவின் வாசனை. நைனா எப்போதும் அந்த மீட்டருக்குக் கீழே உட்கார்ந்துதான் கிழிந்த வலையைச் சரிசெய்வார்.

பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைக்குப் பின்னால், ஒரே கூரையில் இரண்டு வீடாக இருந்தோம். ஒரு பாதியில் அண்ணன், அண்ணி நாகம்மா, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள். மறுபாதியில் நைனா, நான், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த கோமளா. நடுவில் ஒரு சுவர். இடிந்த கோட்டையிலிருந்து தாத்தா தலைச்சுமையாகக் கொண்டுவந்த செங்கல்லால் எழுப்பியது. கல்லறையில் படுத்திருக்கிறவர்கள் சுட்ட செங்கல். ஒல்லியாக இருக்கும். உப்பை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். மழைக்காலத்தில் அந்தச் சுவருக்கு வேர்க்கும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். பிடித்து வந்த இறாலைப் படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று பங்கு போடுவோமே, நைனா கரண்டையும் அப்படித்தான் போட்டார். குண்டு பல்புக்கு ஒரு பங்கு, ஃபேனுக்கு இரண்டு. டிவிக்கும் இரண்டு. தெருவே வந்து உட்கார்ந்து பார்ப்பதால் அதில் பாதியைத் தள்ளுபடி செய்தார். அது எந்த நியாயம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

மீட்டர் கண்ணாடிக்குள் ஒரு வெள்ளித் தட்டு சுற்றும். அதன் விளிம்பில் கறுப்புக் கோடு. ஏரியில் தண்ணீர் இழுக்கும் வேகத்தைக் கைவைத்தே சொல்லிவிடும் நைனா, வீட்டில் அந்தத் தட்டைக் கண்ணால் பார்ப்பார். "தட்டு நடக்குது" என்பார். "தட்டு ஓடுது, எவன்டா ஃபேன போட்டது" என்பார். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு முன்பே, மாசத்துக்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லி இரண்டு வீட்டிலும் எடுத்துவைக்கச் சொல்வார். பெரிதாகத் தவறியதில்லை.

ஓர் ஐப்பசியில் தவறியது.

மழை விடவேயில்லை. ஏரியில் படகு இறங்கவில்லை. செங்குன்றம் பக்கம் கூலிக்குப் போன அண்ணனிடமிருந்து பணமும் இல்லை, சேதியும் இல்லை. அந்த நேரம் பார்த்து, ரீடிங் எடுத்தவர் அட்டையில் எழுதிவிட்டுப் போனது நைனா சொன்னதைப்போல மூன்று மடங்கு. கட்டாவிட்டால் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். நைனாவுக்கு அதைவிடத் தன் கணக்கு பொய்த்ததுதான் சுட்டது.

"யாரோ ஒளிச்சி எரிக்கறாங்க" என்றார்.

கோமளா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னாள். "சில பேரு வூட்டுக் கூரைல நாலு நாளா பொகையே காணோம். சோறு தானா வேவுதாட்டம். தங்கச்சிக்காரி மெட்ராஸ்லேந்து கரண்ட் அடுப்பு வாங்கியாந்து குடுத்துக்கீறாளாமே."

அண்ணி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மழையோடு வெளியே வந்தார். "பேர் சொல்லியே பேசு கோமளா. செவுத்துக்கு இன்னாத்துக்கு சொல்ற?" நைனா பக்கம் திரும்பினார். "மாமா, ரெண்டு வூட்லயும் எல்லா சுச்சயும் நிறுத்துங்க. தட்டயே கேட்டுருவோம்."

நிறுத்தினோம். எல்லோரும் மீட்டருக்குக் கீழே நின்றோம். தட்டு நிற்கவில்லை. ஓடவும் இல்லை. கழிமுகத்து நண்டு மாதிரி மெதுவாக நகர்ந்துகொண்டேயிருந்தது. கறுப்புக் கோடு போனது, மறுபடி வந்தது.

"பாத்துக்கினியா? உள்ள இன்னாவோ சொருவிக்கீது" என்றாள் கோமளா.

நைனா யார் முகத்தையும் பார்க்காமல், "சின்னவனே, உள்ள போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

அண்ணியின் வீட்டு வாசலில் நின்றே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவன் நான். அவர் சமையலறைக்குள் போய்த் தேடச் சொன்னால் எப்படி இருக்கும்? வேண்டாமென்று அண்ணியே சொல்லிவிடுவார் என்று நின்றேன். அவர் நிலைப்படியை இறுகப் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்து வழிவிட்டார்.

கரண்ட் அடுப்பு எதுவும் இல்லை. விறகடுப்புச் சாம்பலைத் தொட்டேன். ஈர மணல்போல் சில்லென்றிருந்தது. சட்டிகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. அரிசிப் பானையை ஏன் திறந்தேனோ, அதற்குள் அடுப்பை ஒளிக்க முடியாது. காலி. டீக்கடை பன் சுற்றிவந்த காகிதம் மட்டும் ஓரத்தில் மடித்து வைத்திருந்தது.

திரும்பும்போது குழந்தைகள் பாயில் படுத்திருந்தார்கள். பெரியவள் தூக்கத்தில். தாண்டுவதற்காகச் சுவரில் கை ஊன்றப் போனேன்.

"அய்ய, அத்த தொடாத சித்தப்பா" என்றாள் சின்னவள். "அந்தச் செவுரு கடிக்கும்."

"இன்னாது?"

"கடிக்கும். அக்காவ கடிச்சிது, என்னயும் கடிச்சிது. அம்மாகிட்ட சொன்னா எறும்புனு சொல்லுது."

புறங்கையால் லேசாகத் தொட்டேன். சுர்ரென்று தோள்வரை ஏறியது. பாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

இரண்டு பேரையும் பாயோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் கத்தியது அன்றைக்குத்தான். "ஃபீஸ புடுங்கு நைனா. செவுத்துல கரண்டு."

நைனா பிடுங்கினார். தட்டு நின்றது.

சுவருக்குள் போன ஒயரின் தோல் வெடித்து, வேர்த்த செங்கல் வழியாகக் கரண்ட் இராப்பகலாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு ஒயர்மேன் வந்து சொன்னது. அந்த நேரத்தில் அண்ணி குழந்தைகளின் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமளாதான் மெதுவாகக் கேட்டாள். இப்போது அவள் குரலில் குத்தல் இல்லை. "அப்ப ஏன் பொகையே வர்ல?"

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"வெறகெல்லாம் ஈரம்" என்றேன்.

நான் பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதிலேயே கோமளா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், அப்புறம் அந்தக் குழந்தைகளைப் பார்த்தாள்.

"வெறகு ஈரம்னா இன்னாக்கா, எங்க அடுப்புலயே ஆக்கிக்கலாம்" என்றாள். "இத்தினி பேருக்கு எனக்கு அளவு தெரியாது. நீ வந்து ஒல போடு."

அண்ணி உடனே எழவில்லை. கோமளா போய்ப் பெரியவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.

ஒயர் மாற்றும்வரை இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, கூரையில் ஒரே புகை. நைனா ஒரு வலையை விற்றுப் பில்லைக் கட்டினார். அதை மட்டும் அவர் பங்கு போடவில்லை.

நைனா போய்விட்டார். சுவரை இடித்துச் சிமெண்டுக் கல் வைத்தாயிற்று. அண்ணன் குடும்பம் திருப்பாலைவனத்தில், தனி மீட்டரோடு இருக்கிறது. நேற்று மாட்டிய புதுசில் தட்டே கிடையாது. ஒரு சிவப்புப் புள்ளி மினுக்குகிறது. பில் என் பையனின் போனுக்கு வந்துவிடுமாம். முன்கூட்டிக் கணக்குச் சொல்ல யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

இன்று சாயங்காலம் மழை. பழக்கத்தில் பக்கத்துக் கூரையைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் கேஸ். எந்த வீட்டில் உலை வைத்தார்கள், எந்த வீட்டில் வைக்கவில்லை என்று இப்போது கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கார்த்திகை மூன்றாம் தேதி