மச்சம் தின்ற கை

திருகோணமலைத் துறைமுகத்தில் கத்தோலிக்கரான ஞானசேகரம் கயிற்று வேலை செய்தார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுவது அவருக்குக் கேவலம். இரண்டு நுனிகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, தடவினாலும் இணைப்புத் தெரியாமல் சேர்த்துவிடுவார்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு, தேர்த் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில் பிள்ளையார் கோயில் தேர்வடம் அறுந்தது. கோயிலை நடத்திய அருளம்பலம் துறைமுகத்தில் அவரோடு ஒன்றாக வேலை செய்தவர். நேரே வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உன்னை விட்டா ஆர் இருக்கினம்? ஆனா மூண்டு நாள் மீன் மச்சம் படாமல் விரதம் இருக்கோணும். வேதக்காரனிட்டை இதைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு."

"தவக்காலத்திலை நாப்பது நாள் கிடக்கிறவனுக்கு மூண்டு நாள் பாரமோ? உனக்குத்தான் ஒரு நாளும் ஏலாது."

மூன்று நாள் அவர் குசினியில் மீன் வேகவில்லை. நாலாம் நாள் விடியத் தோய்ந்துவிட்டு, ஈர வேட்டியோடு கோயில் வீதியில் இருந்து வடத்தைச் சேர்த்தார். தேர் ஓடியது.

அடுத்த ஞாயிறு மகள் புஸ்பராணியின் கல்யாண அறிவிப்பு ஓலை மாதா கோயிலில் வாசிக்க இருந்தது. அதற்குள் பங்குச் சுவாமியார் கூப்பிட்டார்.

"வடம் சேர்த்தது வேலை. அதை நான் கேக்கேல்லை. விரதம் ஆருக்கு இருந்தனீர்?"

"அந்தச் சனத்துக்கு ஒரு மரியாதை, சுவாமி."

"மரியாதைக்கு ஆரும் விரதம் இருக்கிறதில்லை. சபைக்கு முன்னாலை முழந்தாளில் நிண்டு பாவம் எண்டு சொல்லும். இல்லாட்டி ஓலை வாசிக்க ஏலாது."

"இருக்கேல்லை எண்டால்?"

"அப்ப அது வெறும் வேலைதானே."

முழந்தாளில் நின்றவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். புஸ்பராணி தகப்பனின் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "மீன் திண்டனான் எண்டு சொல்லுங்கோ அப்பா. ஒரு சொல்லுத்தானே."

ஞாயிறு பூசை முடிய எழுந்து நின்றார். "நான் மீன் திண்டுட்டுத்தான் போனனான். அவையளுக்குத் தெரியாது." பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஓலை வாசிக்கப்பட்டது.

பின்னேரம் அருளம்பலம் படலையடியில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி இராசையா உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"திண்டனீங்களோ?"

நீ என்ற வாய் நீங்கள் என்றது. ஞானசேகரம் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"திண்டனான்."

மறுநாள் கோயிலார் அந்த வடத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் போட்டார்கள்.

பதினாறு வருடம் கழிந்து ஓர் இளம் சுவாமியார் வந்தார். மற்றச் சமயங்களிலும் ஒளி உண்டு, அவற்றை மதிக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தார். தேரன்று சபையாரையும் அழைத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். அருளம்பலம் அவருக்கு மாலை போட்டு வடத்தைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஞானசேகரமும் கை நீட்டினார்.

"நீங்கள் தொட வேண்டாம்," என்றார் அருளம்பலம்.

சுவாமியார் திகைத்தார். "என்ன நடந்தது, ஐயா?"

புஸ்பராணி புருசனோடும் பிள்ளைகளோடும் இராசையாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்த முறை மீன் திண்டுட்டு வடம் சேர்த்தனான், பாதர்."

சுவாமியார் அவர் தோளில் தட்டினார். "மீன் தின்னுறதிலை என்ன இருக்கு? அதையெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்?" என்று சிரித்துவிட்டு, வடத்தை இழுக்கத் தொடங்கினார்.