பின் தெருவில் நிறுத்திய கார்

யாருடைய காலைப் பார்த்தாலும் என் தம்பி செருப்பின் அளவைச் சொல்லிவிடுவான். செருப்புக் கடையில் பதினொரு வருஷம் இருந்தான். "உங்களுக்கு ஏழு. இடது கால் மட்டும் ஏழரை கேக்கும்" என்பான். போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் அவனை அளவுக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள் நான். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். சட்டை தைக்கும் தொழிற்சாலையில், தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. குறை இருந்தால் என்ன குறை என்று சீட்டில் எழுதி, சட்டையோடு சேர்த்துக் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும்.

எல்லாக் காரையும்விட விலை குறைந்த கார் ஒன்று வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் தம்பி செருப்புக் கடையை விட்டுவிட்டு அந்தக் கார் விற்கும் ஷோரூமில் சேர்ந்தான்.

"ஒரு ஸ்கூட்டர்ல நாலு பேரு போறாங்கக்கா. முன்னாடி ஒண்ணு நிக்குது, நடுவுல ஒண்ணு நசுங்குது. மழை வந்தா பாலத்துக்கு அடியில நிக்கறாங்க. அவங்க எல்லாருக்கும் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு இந்த வண்டி" என்றான்.

முதல் காரை அவனே தவணையில் வாங்கினான். இளம்பச்சை நிறம். ஒரு சட்டையைப் பார்ப்பதுபோல நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். துடைப்பான் ஒன்று, வெளிக் கண்ணாடியும் ஒரு பக்கம்தான். மற்றபடி கதவு இழைந்து மூடியது, கூரை தலையில் இடிக்கவில்லை. பின் இருக்கைக்கு அடியில் இரண்டு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டிவிட்டேன். சீட்டில் எழுதுகிற அளவுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கார் விற்கவில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது தம்பி அந்தக் கதையைச் சொல்லுவான். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று, காரை வெளியே தள்ளிக்கொண்டுவந்து நடைபாதை ஓரம் கதவைத் திறந்து வைத்தான். அதன் பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள், பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்று அழுதன. அப்புறம் வந்தவரின் மனைவி தலை நிமிர்ந்து, விலையை ஆளுயர எழுத்தில் போட்டிருக்கும் பலகையைப் பார்ப்பாள். "போலாம், வாங்க" என்பாள். முடிந்தது.

பலகையை எடுத்துவிடலாம் என்று தம்பி மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தான்.

"விலையைப் பாத்துத்தானேப்பா வர்றாங்க?"

"ஆமா சார். அதே விலையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பாத்துடறாரே!"

மேனேஜர் சிரித்தாராம். பலகை மட்டும் அங்கேயே இருந்தது.

ஒரு வாத்தியார் மூன்று தடவை வந்து ஓட்டிப் பார்த்தார். கடைசியில் வேறு இடத்தில் எட்டு வருஷப் பழைய கார் ஒன்றை அதே விலைக்கு வாங்கினார். பெரிய கார். மேட்டில் ஏறும்போது அடுப்பு மூட்டியதுபோலப் புகை வரும். "புகை பின்னாலதானேப்பா போகுது, யாரு பாக்கறா?" என்று தம்பியிடமே சொன்னாராம். நானும் அவனும் சோறு புரையேறச் சிரித்தோம். அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்று சிரித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

இப்படியே போனதில், இந்த மாதம் மூன்று கார் விற்காவிட்டால் அந்தக் காரையும் ஷோரூமிலிருந்து எடுத்துவிடுவோம், அதை விற்கிறவனையும் எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பி எப்படியோ இரண்டு விற்றுவிட்டான். மூன்றாவதும் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் எலக்ட்ரீஷியன். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய பைக். நீல நிறம் வேண்டும் என்று சொல்லி, திங்கட்கிழமை முன்பணத்தோடு வருவதாகக் கையடித்துக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. என் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனின் வீட்டார் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. காலையிலேயே தம்பி வந்து, தெரிந்தவர் வீட்டிலிருந்து ஆறு நாற்காலிகளைத் தன் காரில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து இறக்கினான். துடைத்து வரிசையாகப் போட்டான். அதன் பிறகு காரைக் கழுவி வாசலிலேயே நிறுத்தினான்.

நான் வெளியே வந்தேன். பச்சை நிறம் வாசலில் பளிச்சென்று நின்றது.

"டேய், அதைக் கொண்டுபோய்ப் பின் தெருவுல விடு."

"ஏன்க்கா, வழிய அடைக்குதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனே எடுத்துக்கொடுத்தான்.

"வழி இல்லடா. அவங்க கொஞ்சம் வசதியானவங்க. வந்ததும் மொதல்ல இதுவா கண்ணுல படணும்? பொண்ணோட மாமனே இதுலதான் வர்றான்னு தெரிஞ்சா நம்மள எந்த வரிசையில வைப்பாங்க?"

தம்பி ஈரத் துணியைப் பிழிந்து மடித்தான். "சரிக்கா" என்றான். காரை எடுத்துக்கொண்டு போனான்.

வாசல் விளக்கு எரியவில்லை என்று எலக்ட்ரீஷியனை வரச் சொன்னவள் நான். தம்பியிடம் நான் அதைச் சொன்னபோது அவர் என் தலைக்கு மேலே ஏணியில் நின்றிருந்தார். அவர் கையில் திருப்புளி சுற்றாமல் நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "ஸ்விட்சைப் போடுங்க அக்கா" என்றார். போட்டேன். விளக்கு எரிந்தது.

பையன் வீட்டார் பஸ்ஸில் வந்தார்கள். நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். நல்ல மனிதர்கள். கிளம்பும்போது பையனின் அப்பா, "இவளுக்கு முழங்கால் வலி. பக்கத்துல ஆட்டோ கிடைக்குமா?" என்று மனைவியைக் காட்டிக் கேட்டார்.

தம்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "முனையில நிக்கும், கிடைக்கும்."

அந்த அம்மா நொண்டி நொண்டி முனை வரைக்கும் நடந்தார். தம்பி கூடவே போய் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு வந்தான். அவன் கார்ச் சாவி சட்டைப் பைக்குள் இருந்தது.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் ஷோரூமுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. புதன்கிழமை மாதம் முடிந்தது. அந்தக் காரை ஷோரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள். தம்பியை அதே கம்பெனியின் பழுது பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். வரும் வண்டிகளின் சாவியை வாங்கி, நம்பரை எழுதி மாட்டும் வேலை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ஆள் மனசு மாறிட்டாருக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து மளிகைக் கடையில் எலக்ட்ரீஷியனின் மனைவியைப் பார்த்தேன். வார்த்தை தவறலாமா என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் சங்கடத்தோடு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"உங்க தம்பி தங்கமான மனுசன் அக்கா. எங்க வீட்டுக்காரருதான்... அவங்க அக்காவே வாசல்ல நிறுத்த விடலை, நம்ம வாசல்ல நிறுத்தி நாம ஏன் பேச்சு வாங்கணும்னு சொல்லிட்டாரு."

"நல்ல காரும்மா அது. நான் பாத்திருக்கேன், ஒரு குறை கிடையாது" என்றேன்.

"அப்ப அன்னைக்கு ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் கடைக்காரர் பக்கம் திரும்பிப் பருப்பு விலை கேட்டேன். அவள், "பழைய வண்டி ஒண்ணு பேசி முடிச்சாச்சு. கொஞ்சம் செலவு வைக்கும். ஆனா பெரிசு" என்று சொல்லிப் போனாள்.

அன்று சாயங்காலம் தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "டேய், அந்த எலக்ட்ரீஷியன் வராததுக்குக் காரணம்..."

"தெரியும்க்கா. அந்தத் திங்கட்கிழமையே போன்ல சொல்லிட்டாரு."

"பின்ன ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"கேட்டு? நீ என்ன இல்லாததையா சொன்ன? ஷோரூமுக்கு வர்றவங்க எல்லாம் மனசுக்குள்ள சொல்லிட்டுப் போறதை நீ வாய்விட்டுச் சொன்ன." சிரித்தான். "ஒரு தாள் இருக்குக்கா. வாங்காமப் போனவங்க ஏன் வாங்கலைன்னு அதுல எழுதிக் கொடுக்கணும். நிறம் பிடிக்கலைன்னு எழுதிட்டேன்."

"அவங்க கேட்டது நீலம்தானே? நீலம் இருந்துச்சேடா?"

"அதைத்தான் மேனேஜரும் கேட்டாரு. கேட்ட நிறத்தைக் கையில வச்சுக்கிட்டு விக்கத் தெரியல, உன்னையெல்லாம் எப்படி இங்க வச்சுக்கறதுன்னாரு."

செருப்புக் கடையில் காலைப் பார்த்தே அளவு சொன்னவனை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். அவன் தலை குனிந்து நின்றிருக்கிறான், நான் சொன்னது வெளியே வரக்கூடாது என்று.

"நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். நானே உங்க மேனேஜர்கிட்ட பேசறேன்."

"வந்து என்னன்னு சொல்லுவ?"

தம்பியின் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். யார் மேல் என்று கேட்பார். அவனோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் நிற்கும் இடத்தில், அவன் வருகிற காரைப் பார்க்க அவன் அக்காவுக்கே வெட்கமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. இது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"விடுக்கா. இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினான்.

போட்டேன். நான் போகவில்லை. அந்தத் தாளில் இன்றைக்கும் நிறம் என்றுதான் இருக்கிறது.