சாரல் விழும் வரை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் பாயை விரித்து, குளிக்க வருகிறவர்கள் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைப்பைத் தொடங்கினேன். இன்றைக்கு மூன்று லாட்ஜ் என் பேரில் இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை. யார் காலிலும் விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவீர்கள். வாருங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எண்ணெய்த் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். குப்புறப் படுத்திருக்கிற மனுஷன் காது மட்டும்தான். அவனால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. உடம்பு இளகிக் கிடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். என் முதல் லாட்ஜுக்கான இடத்தை அப்படித்தான் வாங்கினேன். விற்றவர் பாயில் படுத்திருந்தார். எழுந்து அருவிக்குப் போகும்போது, விற்கிற யோசனை அவருக்கே தோன்றியது என்று நினைத்துக்கொண்டு போனார்.

சீசன் முடிந்தால் லாட்ஜ்காரனுக்கு வேலை இல்லை. கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் வந்தாலும் கீழ்த்தளத்தோடு சரி. மேல்மாடி பூட்டியே கிடக்கும். தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகு, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் சிலர் ஊருக்குத் திரும்பி, ஸ்டார்ட்அப் என்று ஆரம்பித்தார்கள். ஆபீஸுக்கு அட்வான்ஸ் கொடுக்க வழி இல்லாமல் அலைந்தார்கள். பூட்டிக் கிடக்கும் மேல்மாடியை இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று படித்தவன் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாடகை கொஞ்சம்தான். ஒரே ஒரு நிபந்தனை: மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வந்து விழுந்த அன்றைக்கு, மதியம் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். சாரல் விழுந்தால் அருவியில் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் கூட்டம் வரும். அதற்கு மேல் மேல்மாடி என்னுடையது.

முதலில் வந்தவள் அவள்தான். முப்பது வயது இருக்கும். தென்காசிப் பெண். அப்பா லாரி டிரைவர், கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போய் புளியறை செக்போஸ்ட் வரிசையில் காத்துக் கிடந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அவள் செய்தது லாரிக்காரர்களுக்கான ஒரு ஆப். வரிசை எவ்வளவு தூரம் நிற்கிறது, எந்தப் பேப்பர் குறைகிறது, எப்போது கிளம்பினால் நிற்காமல் போகலாம் என்று சொல்லும். ஆனால் டிரைவர்கள் பட்டனை அமுக்குவதில்லை, போன் போட்டுத்தான் கேட்பார்கள். அதனால் தமிழும் மலையாளமும் பேசுகிற ஏழு பேரை வைத்திருந்தாள். இரவு பகல் என்று இல்லாமல் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"சப்போர்ட்டுதான் அண்ணாச்சி எங்க கம்பெனி. போன எடுக்க ஆளில்லன்னா மறுநா ஒரு டிரைவரும் நம்மள நம்ப மாட்டான்" என்பாள்.

முதல் நாள் ஒரு பக்கப் பேப்பரோடு வந்தாள். எல்லாம் எழுதியிருந்தது. தேதி மட்டும் காலி.

"எந்தத் தேதி வரைக்கும்னு போட அண்ணாச்சி?"

"சாரலுக்குத் தேதி உண்டுமா? நீ என்ன வெளியூர்க்காரியா?"

சிரித்துவிட்டாள். 'சாரல் விழும் வரை' என்று அவளே தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பெங்களூர்க்காரியாக இருந்தால் தேதி இல்லாமல் போட்டிருக்க மாட்டாள். இந்த ஊர்ப் பெண் என்பதால் போட்டாள். இங்கே எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்? சாரல் விழட்டும், கல்யாணம் பேசலாம். சாரல் விழட்டும், நாற்றுப் பாவலாம். அது ஆனியில் விழும் என்று எல்லார் மனதிலும் ஒரு கணக்கு இருக்கும். முன்னே பின்னே ஆகும் என்பதும் தெரியும். தெரிந்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன்.

ஆறு மாதத்தில் கம்பெனி வளர்ந்தது. பேப்பரில் படம் வந்தது. ஒரு கல்லூரியில் தொழில் முனைவோர் விழா என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து, "இந்தக் கம்பெனிய உண்டாக்குனதே நான்தான். எண்ணெய் தேய்ச்ச கை இது" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். நல்ல கைதட்டல். அடுத்து அவள் பேசினாள்.

"அண்ணாச்சி எங்களுக்கு ரூம் தந்தாவ. அத நாங்க மறக்க மாட்டோம். ஆனா கம்பெனிய உண்டாக்குனது நாங்க எட்டுப் பேரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி, சரிதான?" என்று கேட்டாள்.

அரங்கம் சிரித்தது. பொல்லாத சிரிப்பு இல்லை, பிள்ளைகள் சும்மா சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். காரில் வரும்போது என் மேனேஜர், "பிள்ள நல்லா பேசுது, இல்லையா அண்ணாச்சி?" என்றார். "ஆமா வே" என்றேன். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு நாள் கூட முகத்தில் எதையும் காட்டவில்லை. போகும்போது வரும்போது, "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்பேன்.

சித்திரைக் கடைசியில் அவள் ஒரு நாள் ஓடிவந்தாள். பெங்களூரில் இருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவள் கம்பெனியை வாங்கி, அவளையும் அந்த ஏழு பேரையும் வைத்துத் தென்காசியிலேயே நடத்தப்போகிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் கூடவே இருந்து பார்த்தால் போதும், முடித்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு ரூம் வேண்டும்.

"இது மட்டும் நடந்துட்டுன்னா போதும் அண்ணாச்சி. ஏழு பேரும் ஊர விட்டுப் போவ வேண்டாம். ஒருத்திக்கு ஆவணில கல்யாணம், வேல இங்கனதான்னு சொல்லித்தான் மாப்பிள்ள வீட்டுல சம்மதிச்சிருக்காவ."

"நடக்கும்மா. நான் இருக்கேன்லா" என்றேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். மலை தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது. கையை நீட்டினேன். மாவு சலித்த மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. அந்த வருஷம் அவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"மேல்மாடிக்காரங்ககிட்ட சொல்லும் வே. மணி பன்னெண்டு."

அவர் என்னையே பார்த்தார். "அண்ணாச்சி, நாளைக்கு அவுகளுக்கு..."

"சாரல் விழுதா இல்லையா?"

"விழுது."

"பிறகென்ன?"

அவள் படியில் இறங்கிவந்த விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. முதலில் விளையாட்டு என்று நினைத்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு நாளு. அவுக வந்து பாத்துட்டுப் போயிரட்டும். சீசன் வாடகையே தந்துருதேன்."

"வாடகைக்கா நான் பேசுதேன்? பேப்பர்ல என்ன எழுதியிருக்கு, நீயே வாசி."

"நாந்தான் அண்ணாச்சி எழுதுனேன். எனக்குத் தெரியும்."

"தெரியுதுல்லா? கம்பெனிய உண்டாக்குனது நீங்க எட்டுப் பேரு. ரூம் தந்தது நான். தந்தவன் திருப்பிக் கேக்குதேன். என்ன, சரிதான?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அதுக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். மேலே போனாள்.

ஒரு மணி நேரத்தில் மேஜை, கம்ப்யூட்டர், வயர் எல்லாம் படியில் இறங்கின. ஒரு கையில் நாற்காலி, மறு கையில் போன் என்று பேசிக்கொண்டே இறங்கினார்கள். "சேட்டா, வண்டி எடுக்கண்டா, ரெண்டு மணிக்கூர் கழிஞ்சிட்டு எடுத்தால் மதி" என்று ஒரு பெண் நனைந்துகொண்டே கேரள டிரைவர் ஒருவனிடம் மலையாளத்தில் இரண்டு மணி நேரம் பொறுத்துக் கிளம்பச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு அழைப்பைக்கூட விடவில்லை. அதையும் நான் பார்த்தேன். கடைசியாக இறங்கிவந்த அவள், லோடு ஆட்டோ வரும் வரை பார்க்கிங் கூரைக்கடியில் சாமான்களை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பார்க்கிங் காருக்கு என்று சொல்லிவிட்டேன். அப்போது அங்கே ஒரு கார் கூட நிற்கவில்லை.

புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு பரோட்டாக் கடையின் பின்கட்டில் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சாயங்காலம் தெரிந்தது. செக்போஸ்டுக்குப் பக்கத்திலேயே. உண்மையைச் சொன்னால், அந்த வேலைக்கு என் மேல்மாடியைவிட அது நல்ல இடம். வருகிறவர்கள் அதைப் பார்த்தால் மயங்கிவிடுவார்கள் என்று எனக்கு உடனே பட்டது.

பெங்களூரில் இருந்து வந்தவர் ஒரே ஒருவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். அவள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த கீழ் ரூமில் காலையில் வந்து இறங்கியதும், பத்து மணிக்குத்தான் புளியறை போகவேண்டும், அதற்குள் அருவியில் ஒரு எண்ணெய்க் குளியல் போடலாமா என்று கேட்டார். முப்பது வருஷமாக எண்ணெயைத் தொடாதவன் நான். வேட்டியை மடித்துக் கட்டினேன். பாயை விரித்தேன்.

"ஓனரே தேய்க்கறீங்களா? வேண்டாமுங்க."

"விருந்தாளிக்கு நானேதான் செய்வேன். படுங்க தம்பி."

கை மறக்கவில்லை. தோள்பட்டையில் வைத்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. நல்ல மனுஷன், பயந்த மனுஷன். தப்பாக ஒன்றை வாங்கிவிட்டால் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற பயம் கழுத்து நரம்பில் முடிச்சாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அவராகக் கேட்கும் வரை காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு எப்படிங்க? உங்க பில்டிங்லதான் இருந்தாங்களாமே?"

"தங்கமான பிள்ள."

"ஏன் காலி பண்ணுனாங்க?"

"தேதி போடாமக் கையெழுத்துப் போட்டுட்டு தம்பி. நாந்தான் முதல்லயே சொன்னேன். கேக்கல. எல்லாமே வாய்ப்பேச்சுதான் அதுக்கு. லாரி ஓனருங்ககிட்டயும் அப்படித்தான், ஒரு பேப்பர் கெடையாது. ஊருக்காரனுக்கு அது போதும். உங்களுக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. நான் படிக்காதவன்."

முதலிலேயே சொன்னேன் என்றது பொய். மற்றது எல்லாம் நிஜம். நிஜத்தைத்தான் அழுத்தித் தேய்த்தேன். அவிழ்த்த முடிச்சு என் விரலுக்கடியில் திரும்ப இறுகியதை நான் உணர்ந்தேன். "போங்க தம்பி, தண்ணி நல்லா விழுது" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

புளியறையில் அந்த ஏழு பேரும் போன் பேசுவதை அவர் பார்க்கவில்லை. லாரி ஓனர்களோடு போட்ட ஒப்பந்தங்களைக் காட்டுங்கள் என்றார். அவளிடம் இல்லை. எந்த ஓனர் இங்கே எழுதித் தருகிறார்? 'நடக்கட்டும்மா, பாத்துக்கிடலாம்' என்பதுதான் ஒப்பந்தம். அன்றைக்குச் சாயங்காலமே அவர் ரூமைக் காலி செய்துகொண்டு போனார். ஒரு மாதம் கழித்து அந்த ஆப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவளைப் பெங்களூருக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். போனை இப்போது மெஷின் எடுக்கிறது. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. ஆவணிக் கல்யாணம் நின்றுபோனது என்று மேனேஜர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அந்தச் சீசன் எனக்குச் செம ஓட்டம். புரட்டாசியில் மேல்மாடியைத் திரும்பத் திறந்தேன். மூன்று பையன்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரி டோக்கனுக்கு ஏதோ ஆப். நான் வழக்கம் போலச் சொன்னேன். அவர்கள் ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார்கள். 'சாரல் விழும் வரை' என்று டைப் அடித்து, அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, மேலே மே மாதக் கடைசித் தேதி எழுதியிருந்தது.

"இத யாருல எழுதித் தந்தா?"

"பெங்களூர்ல ஒரு அக்கா, அண்ணாச்சி. இங்கன ரூம் எடுக்குத எல்லாருக்கும் அவங்கதான் எழுதித் தருதாங்க."

என் வாழ்நாளில் என் வார்த்தையைக் கோடு போட்டு அடித்து ஒருத்தனும் பேப்பர் நீட்டியதில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருஷம் மே கடைசி வந்தது. மலை சுட்டுக் கருகிக் கிடந்தது. அருவியில் பாறைதான் தெரிந்தது. மதியம் பன்னிரண்டுக்கு மாடி ஏறினேன். மூவரும் திகைத்துவிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் ஆப்பை ஓடவிட்டிருந்தார்களாம்.

"சாரலே விழலையே அண்ணாச்சி! ரூம் சும்மாதான கெடக்கப்போவுது?"

"சாரலையா சொல்லுதிய? அதத்தான் நீங்க கோடு போட்டு அடிச்சிட்டியளே."

சாமான்களை வெயிலில் இறக்கினார்கள். நான் கூடவே நின்று கதவைப் பூட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? அங்கன சாரல் விழுந்துட்டா?"

"இல்ல."

"மேல்மாடில யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"சாப்பிட்டியளா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மேனேஜர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். "யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார். ரூம் கேட்டு யாரோ, என்றேன். மேல்மாடியின் எட்டுச் சாவிகளும் அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.