நல்ல எலும்பை இடித்தவர்கள்

வெள்ளவத்தையில் இன்று பத்து மாடி நிற்கிற இடங்களில் பாதிக்கு, பழைய வீட்டை இடித்துக் கொடுத்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் சுவரில் விரல் மூட்டால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், எது கூரையைத் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். பிளான் விரித்து வைத்திருக்கும் இஞ்சினியர்மாரும் நான் தட்டும்வரை காத்து நிற்பார்கள்.

போன வருடம் அந்த மூட்டுகள் வீங்கின. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மூட்டுவாதம் என்று டொக்டர் கிழமைக்கு ஒருமுறை போடக் குளிசை தந்தார். இரண்டு மாதத்தில் வலி குறைந்தது. தூசி அடங்கினால் இடிப்பு முடிந்தது என்பது எங்கள் தொழில் வழக்கம். குளிசையை நிறுத்திவிட்டேன். இடையிடையே வலித்தால் பாமசியில் பனடோல் வாங்கிச் சமாளித்தேன்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் விரல் எலும்பின் ஓரம், எலி கொறித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

"ஆர் பிள்ளை இதைத் திண்டது?" என்று கேட்டேன்.

"உங்கட உடம்புதான், ஐயா."

டொக்டர் என் மகளைவிட இளையவர். பொறுமையாக விளக்கினார். பழைய எலும்பைக் கரைக்கவென்றே உடம்பில் செல் எனப்படும் கலங்கள் உண்டாம். அவை கரைக்க, வேறு கலங்கள் புதிதாகக் கட்டுமாம். என் தொழில் எனக்குள்ளேயே நடந்திருக்கிறது. அப்படியென்றால் நல்ல எலும்பை ஏன் தொட்டார்கள்? என் ஆட்கள் நான் சொல்லாமல் ஒரு கல்லையும் அசைக்க மாட்டார்களே என்றேன்.

இந்தக் கலங்களும் கட்டளை வந்துதான் செய்கின்றன என்றார். எலும்பைக் கரைக்கும் கலமும் கிருமியோடு சண்டை பிடிக்கும் கலமும் ஒரே வம்சம். இரண்டின் மேலும் செய்தி வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புப் பொருள் என் உடம்பையே எதிரியாக நினைத்து உருவாகி, அந்த ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. இடிக்கச் சொல்லிக் கட்டளை ஓயாமல் போகிறது. நிறுத்தச் சொல்லும் ஏற்பிகளும் உண்டு. எந்தச் சத்தம் கூடவோ, அதன்படிதான் வேலை.

"நோ இல்லாட்டியும் இடிப்பினமோ?"

"ஓம் ஐயா. பனடோல் நோவைத்தான் மறைக்கும். உள்ளுக்கு வேலை நடந்துகொண்டே இருக்கும்."

நாற்பது வருடத்தில் ஒரு சுவரையும் பிழையாக உடைக்காத கை இது. கரைந்ததைத் திரும்பக் கட்டலாமா என்று கேட்டேன். அநேகமாக முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அன்றே குளிசையைத் திரும்பத் தொடங்கினேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் டொக்டரிடம் ஒரு கேள்வியோடுதான் போகிறேன். முதல் பிழைக் கட்டளையைக் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, அது இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்றார். எனக்கு அது நித்திரையைக் கெடுக்கிறது.

போன கிழமை புதிய படம் எடுத்தார்கள். பழையதோடு பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கொறித்த ஓரம் அதற்கு மேல் போகவில்லை. டொக்டர் வாய் திறக்குமுன் நானே அதைச் சொன்னேன்.