நிற்காத ஹீட்டர்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சேலையூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், மனைவியும் நான்கு வயது மகளும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் பிடிக்கப் போனேன்.

குளியலறைக் கதவைத் திறந்ததும் உலை கொதிக்கும் சத்தம். ஹீட்டருக்குள்ளிருந்து வந்தது. சுவிட்சைப் போட்டு ஒரு மணி நேரமாகியும் சிவப்பு விளக்கு அணையவில்லை. குழாயைத் திருகினேன். தண்ணீருக்குப் பதில் ஆவி சீறியது. மணிக்கட்டு வெந்துபோனது.

"அப்பா, நான் வரட்டுமா?" துண்டோடு வாசலில் நின்றாள் மகள்.

"வராத. அங்கயே நில்லு."

சுவிட்ச் ஹீட்டருக்கு நேர் கீழே இருந்தது. அங்கே கை நீட்டத் துணிச்சல் வரவில்லை. கூடத்துக்கு ஓடி மெயினை இறக்கினேன். மின்விசிறி நின்றது, கொதிக்கும் சத்தம் நிற்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். 

"என்ன ஆச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் மனைவி. நான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து, டேங்க் ஆறும்வரை காத்திருந்து, அடி மூடியைக் கழற்றினார்.

"சார், தண்ணி சூடானா கரண்ட்ட நிறுத்தறது இந்த தெர்மோஸ்டாட். அது ஒட்டிக்கினு கீது. அது கைவிட்டா நிறுத்தறதுக்குன்னு இன்னொண்ணு கீது, கட்-அவுட். அதுல யாரோ ஒயரு போட்டு, கரண்ட் நிக்காத மாதிரி டைரக்ட் குடுத்துக்கிறாங்க. பிரஷர் ஏறுனா தொறக்குற வால்வு வழியா ஆவி போனதால பொழச்சீங்க. இல்லன்னா டேங்க் வெடிச்சிருக்கும்."

"ஹவுஸ் ஓனர் வேலையா இருக்கும்" என்றாள் மனைவி.

அது அவர் வேலையில்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஹீட்டர் அடிக்கடி நின்றுபோனது. நாவலூர் ஆபீசுக்கு நேரமாகிறதென்று, வந்த வேறொரு எலக்ட்ரீஷியனிடம், "எப்படியாவது ஓட வைங்க" என்றேன். "டைரக்ட் குடுத்துடவா சார்?" என்று கேட்டார். அப்படியென்றால் என்னவென்று கேட்காமலே தலையாட்டினேன்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

 மகளின் தலையில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள் மனைவி. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டையும் புதிதாக மாற்றி, சுவிட்சையும் குளியலறைக்கு வெளியே கொண்டுவந்தார் எலக்ட்ரீஷியன். ஆனாலும் அந்த மாதம் முழுவதும் மனைவி அடுப்பில்தான் வெந்நீர் போட்டாள். இனிப் பயமில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.