பதினாலாம் படுக்கை, மாலை 4.25

என் வேலையே நேரம் குறிப்பதுதான். எந்தப் படுக்கை, எத்தனை மணி, யாரோடு பேசினார், எத்தனை நிமிடம். அதனால் இதையும் நேரம் போட்டே எழுதுகிறேன். கற்பனையாக எழுதுவதென்றால் என்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டேன். இது நடந்தது. எனக்கே நடந்தது.

என் பெயர் ரஞ்சனா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி வந்த குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. நான் வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாவில்தான். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, பைபாஸ் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் கோவிட் வார்டில் மனநல ஆலோசகராக இருந்தேன். சொந்தக்காரர்கள் யாரும் உள்ளே வர முடியாத காலம். தினமும் மதியம் இரண்டரைக்கு பிபிஇ உடையை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு டேப்லெட்டோடு உள்ளே போவேன். ஒவ்வொரு படுக்கையாக நின்று, நோயாளியை வீட்டோடு வீடியோ காலில் பேச வைப்பேன். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த உடையைப் போட்டுவிட்டால் டாக்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிவோம். அதனால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். நான் வங்காளத்தில் எழுதுவேன். பதினாலாம் படுக்கைக்குக் கதிரேசன் வந்த பிறகு, கீழே தமிழிலும் எழுத ஆரம்பித்தேன். அவர் டாலிகஞ்சில் டிபன் கடை வைத்திருப்பவர். காரைக்குடிப் பக்கத்துக்காரர்.

"நம்ம எழுத்து! அந்தப் பேரைப் பாத்தாலே பாதி சொகமாயிருச்சு தாயி" என்று மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார். அந்த வார்டில் என் முதுகைத் தமிழில் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி சரோஜாவுக்கும் தொற்று. வீட்டில் தனியாக இருந்தார். இவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் லேசில் முடியாது. மாவு புளித்ததா, கேஸ் வந்ததா, மாத்திரை போட்டாயா என்று போய்க்கொண்டே இருக்கும். நான் போதும் என்று ஜாடை காட்டினால், வலது கையைத் தூக்கிக் காட்டுவார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பேச்சு நீளும் என்பதால் அவரை எப்போதும் கடைசியில்தான் வைத்துக்கொள்வேன்.

மே 11, செவ்வாய்க்கிழமை.

பதினெட்டுப் பேரை முடித்திருந்தேன். கண்ணில் மாட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்குள் ஆவி படிந்து பாதிதான் தெரிந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை. பாத்ரூம் போகவில்லை. தலை வெடித்தது. மணி 4.25. மீதி இருந்தது கதிரேசன் மட்டும்.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் மூச்சு இயந்திரத்தின் மாஸ்க். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கினார்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பி நடந்தேன்.

தாளில் இப்படி எழுதினேன்: "4.25. தூங்குகிறார்." முடியாத நாட்களில் நாங்கள் எல்லோரும் எழுதுகிற சொல் அது. தூங்குகிறவரை ஏன் எழுப்பவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

கதவருகே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

அன்று இரவு ஏழு மணிக்கு அவரை வென்டிலேட்டரில் போட்டார்கள். வியாழக்கிழமை காலை 5.20க்குப் போய்விட்டார். அந்தக் கடைசிப் பேச்சை அவர்களிடமிருந்து பறித்தவள் நான். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

டாக்டர் செய்தி சொன்ன பிறகு குடும்பத்தோடு பேசுவது என் பொறுப்பு. போன் போட்டேன். சரோஜா வெகு நேரம் அழுதார். பிறகு சொன்னார்.

"செவ்வாக்கெழம அம்புட்டு நேரம் பேசுனாகளே... அது போதும் தாயி. நீ நல்லா இருப்ப."

கடைசியாகப் பேசியது திங்கட்கிழமை. துக்கத்தில் நாள் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். நான் திருத்தவில்லை. திருத்தினால் உண்மையைச் சொல்ல வேண்டுமே! அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

மே 14, வெள்ளிக்கிழமை.

நாலு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. கால்பைசாகி, இங்கே கோடையில் அடிக்கும் புயல்மழை. ஜன்னல்கள் தடதடவென்று ஆடின. அன்றைய அழைப்புகள் முடிந்து வெளியே போகிற வழியில் பதினாலைக் கடந்தேன். படுக்கை காலி. விரிப்புகூட இல்லை. பக்கத்தில் இருந்த மூச்சு இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தார்கள்.

4.24. கரண்ட் போனது.

ஜெனரேட்டர் வர சில நொடிகள் ஆகும். இருட்டில் நின்றேன். டேப்லெட் தானாக ஒளிர்ந்தது.

டூ... டூ... டூ...

யாருக்கோ கால் போய்க்கொண்டிருந்தது. நான் தொடவில்லை. திரையில் பெயர்: "14 சரோஜா".

4.25. எடுத்துவிட்டார்.

விளக்குகள் வந்தன. திரையில் சரோஜா. கையில் டம்ளர். சிரித்துக்கொண்டிருந்தார்... நேற்றுத்தான் புருஷனைப் பறிகொடுத்த பெண்.

"அம்மா... நான் ரஞ்சனா" என்றேன்.

அவர் காதில் விழவில்லை.

"மாஸ்க்கைக் கழட்டாதீக. அப்படியே பேசுங்க, கேக்குது" என்றார்.

யாரிடம்?

அவருக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. பெரிதாக 11. இன்றைக்குத் தேதி 14. கிழிக்க மறந்திருப்பார்... எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

உஸ்ஸ்... உஸ்ஸ்... உஸ்ஸ்...

மூச்சு இயந்திரம். ஒயர் பிடுங்கிய இயந்திரம்.

காலை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை.

வீடியோ காலில் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, நம் முகம் தெரிவது? அதைப் பார்த்தேன். என் முகம் இல்லை.

ஒரு கட்டில் கம்பி. டிரிப் ஸ்டாண்ட். அதற்கு அப்பால் தடுப்புக் கண்ணாடி.

படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற காட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை உடை நடந்து போனது. முதுகு மட்டும் தெரிந்தது. முதுகில், வங்காளத்துக்குக் கீழே, தமிழ் எழுத்து.

ரஞ்சனா.

கட்டத்தின் ஓரத்தில் ஒரு கை. பிளாஸ்திரி ஒட்டிய வலது கை. தூக்கியபடி...

"சரி... சரிங்க... சாப்பிட்டேன்... சொல்றேன்" என்று சரோஜா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பதில் குரல் எனக்குக் கேட்கவில்லை.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

4.36. திரை அணைந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. அலறிவிட்டேன். நர்ஸ் மௌசுமி.

"என்ன ஆச்சு ரஞ்சனா தீதி? பத்து நிமிஷமா இங்க டேப்லெட்டைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க. சோத்தோ நம்பர் தோ காலி!" பதினாலு காலிதானே என்று அவளும் அந்தப் படுக்கையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் டேப்லெட்டில் தேடினேன். அன்றைய தேதியில் 4.25க்கு எந்த அழைப்பும் இல்லை. அதற்கு முந்தைய நாட்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு மாதம் சரியான தூக்கம் கிடையாது. ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று டாலிகஞ்சுக்குப் போனேன். கடையைத் திறந்திருந்தார் சரோஜா. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். காபி வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் உங்களுக்குக் கால் போடல. அவர் முழிச்சுத்தான் இருந்தார். தூங்குறார்னு பொய் எழுதிட்டுப் போயிட்டேன்."

எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்தார்.

"என்ன தாயி பேசுற? நீ போட்டுக் குடுக்காம அவுக எப்படிப் பேசுனாக?"

போனை எடுத்துக் காட்டினார். மருத்துவமனை எண். மே 11. மாலை 4.25. பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோரு நிமிடமும் டேப்லெட் என்னிடம்தான் இருந்தது. உடையைக் கழற்றும் அறையில், என் கண் முன்னால், அணைந்து கிடந்தது.

"கடைசியா உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாக. இருந்த துக்கத்துல மறந்தே போனேன்" என்றார் சரோஜா. "எனக்கு அப்பவே ஒண்ணும் வெளங்கல. உனக்கு வெளங்குதான்னு பாரு."

"என்ன சொன்னார்?"

"'ரஞ்சனா பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருச்சு. பொறவு பாத்தா சொல்லு... கையை எறக்கிட்டேன்னு.'"

கதிரேசன் கையைத் தூக்கியதை நான் மௌசுமியிடம் சொல்லவில்லை. வீட்டில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டபோதுகூட சரோஜாவிடம் அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இன்றுதான், உங்களிடம்தான், முதல்முறையாகச் சொல்கிறேன்.