கஞ்சி போட்ட சால்வை

நான் தையல் டீச்சர். தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கவும் ஹெம்மிங் போடவும் சொல்லித் தருகிறேன். அதனால் துணியிலும் நூலிலும் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்கிற நினைப்பு கொஞ்சம் அதிகம். மகளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்ததும் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் கையாலேயே லேஸ் சால்வை பின்னித் தரப்போகிறேன் என்று கோவில் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். அவள் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் எனக்கு முதல் கவலை. பிள்ளை போகிறாளே என்கிற கவலையை அப்போதைக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

பெங்களூர் போனபோது மகளே மெல்லிய கம்பளி நூல் வாங்கி வந்தாள். செல்போனில் ஒரு வெள்ளைக்காரம்மா பின்னிக் காட்டினாள். அவள் பேசுவது பாதிதான் புரிந்தது. கையைப் பார்த்தால் போதாதா என்று சத்தத்தை அணைத்துவிட்டேன். டீச்சருக்கே பாடமா?

ஊசியில் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் அங்கே ஓர் ஓட்டை விழும். பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் ஓர் இலை சாய்ந்து நிற்கும். ஆயுசு முழுக்க ஊரார் துணியில் ஓட்டையை அடைத்தவளுக்கு, வேண்டுமென்றே ஓட்டை போடுவதில் இத்தனை சந்தோஷம் இருப்பது தெரியாமலே போயிருக்கிறது. பள்ளிக்கூடம் போய்வரும் இண்டூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பின்னினேன். குழம்பு கொதிக்கும்போது பின்னினேன். அந்த மாதங்களில் குழம்பு அடிப்பிடிக்காத நாள் குறைவு.

பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா எட்டிப் பார்த்தார்.

"மீன் வலைங்களா டீச்சர்? ஒகேனக்கல்லுக்குங்களா?"

"சால்வைங்க. மகளுக்கு. குளிர் நாட்டுக்குப் போறா."

அவர் ஓட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அந்த அளவுக்கு மரியாதை வைக்கவில்லை. "குளிரு எந்தெந்த வழியா வரணும்னு நீயே வழி போட்டுக் குடுக்கற" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முடித்தேன். ஊசியிலிருந்து இறக்கினால், இலையும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. கசக்கிப் போட்ட துணி மாதிரி சுருண்டு கிடந்தது. வெள்ளைக்காரம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் நிறைந்த தொட்டியில் சால்வையை முக்கி, பிழிந்து, இழுத்து விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தினாள். காய்ந்ததும் இலைகள் எழுந்து நின்றன. துணி எழுந்து நிற்க வெள்ளைத் தண்ணீர் என்றால் கஞ்சிதானே. இதைக்கூடவா எனக்குச் சொல்லித் தர வேண்டும்? சோறு வடித்த கஞ்சியை எடுத்து, வடிகட்டி, சால்வையை முக்கி, பாயில் விரித்துக் குத்திவைத்தேன்.

விடிந்ததும் பாயிலிருந்து எடுத்தேன். அப்பளம். மகள் செல்போனில் சத்தத்தை வைத்துக் கேட்டாள். அது கம்பளி அலசுகிற சோப்புத் தண்ணீராம். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் கார் வந்து நின்றது. இனி அலசிக் காயவைக்க நேரமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சால்வைக்காக அழுகிறேன் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். அதற்குத்தான் என்று நானும் சொன்னேன். மகள் அதை மடிக்காமல் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே படுக்கவைத்து மூடினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"இங்க இருக்கற கோவிலுக்குப் போட்டுக்கிட்டுப் போனேம்மா. வர்ற வழியில மழை. நல்லா நனைஞ்சு இப்ப மெத்துனு ஆயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. அப்படியே சோப்புப் போட்டு அலசிடு. மிச்சக் கஞ்சியும் போயிரும்."

 

"வேணாம்மா, அலச மாட்டேன்" என்றாள். "நம்ம வூட்டுல சோறு வடிக்கிற வாசம் வருது."